உடம்பு, மனசு, காசு: எங்கள் நடைக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் பாதையில் வாரம் நான்கு நாள் சாயங்காலம் நடக்கிறோம். பத்துப் பன்னிரண்டு பேர். நடை முக்கால் மணி நேரம், அதற்குப் பிறகு கோப்பிக் கடையில் பேச்சு ஒரு மணி நேரம். கேள்விகள் எல்லாம் அங்கேதான் வரும். நான் மருத்துவரும் இல்லை, நிதி ஆலோசகரும் இல்லை. ஒரு அலுவலகத்தில் இருபது வருடம் கணக்கு எழுதினேன். அம்மாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்தபோது அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

அக்கா, உடம்பு வேற, காசு வேற. இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புறீங்க?

நான் குழப்பவில்லை, இரண்டும் குழம்பித்தான் கிடக்கின்றன. இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர் உள்ளிட்ட நால்வர் 2013இல் வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்குப் பணம் வருடத்துக்கு ஒரு தடவை, வெட்டு முடிந்த பிறகுதான் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடையில் இருக்கும், மளிகைக் கடையில் பாக்கி இருக்கும். வெட்டு முடிந்தால் கை தாராளம். 464 விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் யோசனையைச் சோதிக்கும் தேர்வுகள் வைத்தார்கள். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. ஆனால் பணமுடை இருந்த மாதங்களில் மதிப்பெண் குறைவு. அவர்களுக்கு அறிவு குறைந்துபோகவில்லை. அறிவின் ஒரு பகுதி எந்நேரமும் பாக்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இது ஊர்க்கதை என்று நினைக்க வேண்டாம். இங்கேயும் ஒரு ஆய்வு உண்டு. சிங்கப்பூரில் ஒரு தொண்டு அமைப்பு, குறைந்த வருமானக் குடும்பங்களின் நாள்பட்ட பாக்கிகளை ஒரே தடவையில் அடைத்துக் கொடுத்தது. வீட்டு வாடகை, தண்ணீர் மின்சாரம், தொலைபேசி, நகர மன்றக் கட்டணம் இப்படி. கடன் அடைவதற்கு முன்னும் சில மாதங்கள் கழித்தும் 196 பேரைச் சோதித்து, ஓங் சியான், வால்டர் தெசைரா, ஐரீன் இங் மூவரும் 2019இல் எழுதினார்கள். பதற்றம் குறைந்திருந்தது, யோசனை தெளிந்திருந்தது. என்னை நிமிர வைத்தது அடுத்த வரி. அடைபட்ட தொகை ஒன்றாகவே இருந்தாலும், எத்தனை கணக்குகள் மூடப்பட்டன என்பதைப் பொறுத்துப் பலன் மாறியது. ஒரு கணக்கு கூடுதலாக மூடினால் பதற்றத்துக்கான வாய்ப்பு 11% குறைந்தது. மனசைக் கனக்க வைப்பது தொகை மட்டும் இல்லை, திறந்து கிடக்கும் கணக்குகளின் எண்ணிக்கையும்தான்.

கணக்கு எழுதிய எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு தொலைபேசி நிறுவனம் 38 வெள்ளியைத் தவறாகக் கேட்டபோதுதான் உறைத்தது. "தரமாட்டேன்" என்று நானும் பிடிவாதம். அந்தக் கடித உறை எட்டு மாதம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், பார்க்கும்போதெல்லாம் யார்மேலாவது எரிந்து விழுவேன். கடைசியில் பேசித் தீர்த்துப் பாதியைக் கட்டினேன். அன்றைக்கு ராத்திரிதான் பல வாரங்களுக்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கினேன். பத்தொன்பது வெள்ளி விவகாரம்!

அப்படின்னா கடனில் எதை முதலில் அடைக்கணும்?

வட்டிக் கணக்குப்படி பார்த்தால், அதிக வட்டி எதற்கோ அதைத்தான். கடன் அட்டை பாக்கிக்கு இங்கே ஆண்டு வட்டி 26 சதவீதத்தைத் தாண்டும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 26 சதவீதத்துக்கு மூன்று வருடம்கூட ஆகாது. உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர்கள் மாதத்துக்கு அதிகபட்சம் 4% வாங்கலாம். மாதத்துக்கு, வருடத்துக்கு அல்ல! வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அது ஒரு ஆறுதல். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் அந்த ஆறுதலும் கிடையாது. பணம் கட்டாவிட்டால் கதவில் சிவப்புச் சாயம்தான்.

ஆனால் மேலே சொன்ன ஆய்வைப் படித்த பிறகு என் யோசனை கொஞ்சம் மாறிவிட்டது. ஆறு பாக்கிகள் இருந்தால், அதில் ஐம்பது நூறு வெள்ளிச் சில்லறைகள் இரண்டு மூன்றை இந்த மாதமே மூடிவிடுங்கள். தலையில் கொஞ்சம் இடம் காலியாகும். அப்புறம் முழு பலத்தையும் கடன் அட்டையின்மேல் போடுங்கள். வட்டியில் சில வெள்ளிகள் நஷ்டமாகலாம். அது தெளிவுக்குக் கொடுக்கும் விலை, எனக்குச் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களோடு நடக்கும் தம்பி ஒருவர் கட்டுமான வேலையில் இருக்கிறார். இங்கே வர ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ஊரில் நான்கு பேரிடம் கைமாற்று வாங்கியிருந்தார். ஒவ்வொரு மாதமும் நான்கு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பி, நான்கு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் கடன்தான் இருப்பதிலேயே சின்னது. அதை முதலில் முடித்தார். "இப்ப மூணு பேர்தான்க்கா போன் பண்றாங்க" என்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கைமீறிப் போய்விட்டால், கிரெடிட் கவுன்சிலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு வங்கிகளோடு பேசித் தவணைத் திட்டம் போட உதவும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தினம் பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா?

அந்த எண் மருத்துவர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் மான்போ கெய், அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். வியாபாரப் பெயர் உலகத்துக்கே சட்டமாகிவிட்டது! 2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு சராசரி வயது 72 இருந்த சுமார் 16,700 பெண்களைப் பார்த்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் அவ்வளவாக இல்லை. ஆகவே நான்காயிரத்தில் இருக்கும் அம்மா ஆறாயிரத்துக்குப் போனால் அது பெரிய விஷயம். பன்னிரண்டாயிரம் நடக்கும் அண்ணன் பெருமையடிக்கலாம், தப்பில்லை.

நடை மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். முடியவில்லை என்றால் அதுவே ஒரு செய்தி.

சாப்பிட்டதும் நடக்கலாமா, கொஞ்ச நேரம் கழிச்சா?

உடனே நடக்கலாம், மெதுவாக. சோறு செரித்து, குளுக்கோஸ் ரத்தத்தில் ஏற ஆரம்பிக்கும் நேரம் அது. தசை சுருங்கி விரியும்போது அதன் செல்களுக்குள் இருக்கும் குளுட்4 என்கிற கடத்திகள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. வழக்கமாக இதற்கு இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும். நடக்கும்போது இன்சுலின் இல்லாமலே கதவு திறக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். சாப்பிட்டு நூறடி நட என்று பாட்டி சொன்னதைக் கேட்டுச் சிரித்தவள் நான். குளுட்4 தெரியாமலே பாட்டி சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பையில் ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கினால் தேவைப்படும்.

நான் ஒல்லிதானே, எனக்கு எப்படிச் சர்க்கரை வரும்?

வரும். நம்மவர்களுக்கு இது தனிக்கதை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடான பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு? யுட்கினுக்கு 9.1%, யாக்னிக்குக்கு 21.2%. சட்டைக்கு மேல் இருவரும் ஒல்லி. உள்ளே நம் ஆளுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. அதுவும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் இன்சுலினைக் கேட்க விடாமல் செய்கிறது.

அதனால்தான் சிங்கப்பூரில் பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே கவனி என்கிறார்கள், மேலைநாட்டுக் கணக்கில் அது 25. தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தையல்காரரின் அளவு நாடா இருந்தால் போதும். தொப்புள் உயரத்தில், மூச்சை உள்ளே இழுக்காமல். இழுத்துப் பிடித்து அளந்துவிட்டு என்னிடம் எண் சொன்னவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

40 வயதைத் தாண்டிவிட்டால், 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மருந்தகத்துக்கு ஓடாமல் ஒரே டாக்டர் உங்கள் கதையைத் தொடர்ந்து பார்ப்பார். அவர் எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை ஏமாற்றவும் முடியாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அத்தனை நாளும் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டுப் போகிற அப்பாக்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

சோற்றை விட்டுடணுமா?

எதற்கு? முதலில் வரிசையை மாற்றிப் பாருங்கள். காயும் மீனும் பருப்பும் முதலில் உள்ளே போய், சோறு கடைசியில் போனால், அதே சாப்பாட்டுக்கும் சர்க்கரை ஏற்றம் குறைவு. 2015இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சின்ன ஆய்வில் இதைப் பார்த்தார்கள். தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கணக்கு. தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டில் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். பரிமாறுகிறவர் இரண்டாவது தடவை சோற்று வாளியோடு வரும்போது இலையின்மேல் கையை விரியுங்கள். கூட்டு பொரியல் மட்டும் இன்னொரு கரண்டி கேளுங்கள், முகம் சுளிக்காமல் வைப்பார்.

பழைய சோறு நல்லதா என்று கேட்பார்கள். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது, அதனால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். பலன் சிறியதுதான், அதற்காக இரண்டு மடங்கு சாப்பிட வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சோற்றை ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் வயிற்றைக் கலக்கும் கிருமி வளரும். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

ஒரு தே குடிச்சா என்ன ஆகிடும்?

ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு எத்தனை என்பதுதான் கேள்வி. தே எனும் பால் தேநீரில் ஊற்றும் டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 20 கிராம் என்றால் 11 கிராம் சர்க்கரை அதில் போகிறது. தாராளமான அண்ணன் இரண்டு கரண்டி ஊற்றினால் 22. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலை தேயிலேயே கணக்கு முடிந்தது!

டின், போத்தல் பானங்களில் 2022 டிசம்பர் 30 முதல் ஏ, பி, சி, டி என்று எழுத்து இருக்கிறது. கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் ஒரு வருடம் கழித்து அது வந்தது. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. கோப்பிக் கடையில் எழுத்தைத் தேட வேண்டாம், வாயைத் திறந்து "கோசோங்" என்றால் சர்க்கரை இல்லை, "சியூ டாய்" என்றால் இனிப்பு குறைவு. முதலில் சியூ டாய்க்குப் போய், நாக்கு பழகியதும் கோசோங்குக்குப் போவது எளிது. ஒரே நாளில் தாவினால் மூன்றாம் நாள் பழைய தேவுக்கே திரும்பிவிடுவீர்கள், நான் அனுபவஸ்தி.

ராத்திரி தூக்கமே வரலை, என்ன பண்றது?

இதில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை அழைக்கும். கோப்பியில் இருக்கும் காஃபின் அந்த அழைப்பு கேட்காதபடி காதை அடைக்கும். உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த கோப்பியில் பாதி, ராத்திரி பதினொரு மணிக்கும் உங்களோடுதான் படுத்திருக்கிறது.

இன்னொன்று வெளிச்சத்தால் ஓடும் கடிகாரம். இதில் சிங்கப்பூருக்கு ஒரு வினோதம் உண்டு. நாம் இருக்கும் இடத்தின் சூரியக் கணக்குப்படி நம் நேரம் இப்போது இருப்பதைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்க வேண்டும். 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து நாமும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினோம். ஏற்கெனவே தள்ளியிருந்ததோடு சேர்ந்து, சூரியன் இங்கே ஏழு மணிவாக்கில்தான் எழுகிறது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிப் பேருந்து ஏறுகிறார்கள், நாம் குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலில் ஏறிக் குளிரூட்டிய அலுவலகத்துக்குள் போகிறோம். காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் உடம்புக் கடிகாரம் பின்னுக்குப் போகும். அதனால் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்து போங்கள். வெளியே பதினைந்து நிமிடம்.

சரி, தூக்கம் கெட்டால் என்ன? சிகாகோவில் 2004இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் 28% கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18% குறைந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ரொட்டி பிராட்டா ஏன் தேவாமிர்தமாகத் தெரிகிறது என்பது இப்போது புரிகிறதா? இன்னொன்று இங்கேயே சிங்கப்பூரில், மைக்கேல் சீ என்பவரின் ஆய்வுக்கூடத்தில் நடந்து 2007இல் வந்தது. ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்களைப் பணம் வைத்து ஆடும் விளையாட்டு ஒன்றில் உட்காரவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். ஆபத்தான பந்தயத்தில் லாபத்தை எதிர்பார்க்கும் பகுதி கூடுதலாக எரிந்தது. நஷ்டம் வந்தால் வலிக்க வேண்டிய பகுதி மந்தமாகக் கிடந்தது. தூங்காத ஆளுக்கு ஜெயிப்பேன் என்ற நம்பிக்கை அதிகம், தோற்றால் சுரணை குறைவு. பெரிய காசு முடிவை ராத்திரி எடுக்காதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

நாலு நம்பர் வாங்குறது தப்பா?

தப்பு சரி பார்க்க நான் யார்? கணக்கை மட்டும் சொல்கிறேன். நான்கு இலக்க எண்ணுக்குக் குலுக்கல் நடக்கும் இந்த லாட்டரியில் ஒரு வெள்ளிக்கு "பிக்" என்ற வகையில் போட்டால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அப்புறம் 250 வெள்ளி பத்து எண்களுக்கு, 60 வெள்ளி பத்து எண்களுக்கு. எல்லாம் கூட்டினால் 6,590. எண்கள் மொத்தம் 10,000. ஆக, போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்பி வருவது 66 காசு. புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் இருபது இருபது வெள்ளி போடுகிறவர் வருடத்துக்கு 3,120 வெள்ளி போடுகிறார், சராசரியாக ஆயிரத்துக்குச் சற்று மேல் இழக்கிறார். விபத்தான வண்டியின் எண்ணைப் போட்டாலும் இந்தச் சராசரி மாறாது. சந்தோஷத்துக்கு இரண்டு வெள்ளி போடுகிறேன் என்றால் போடுங்கள், அது சினிமா டிக்கெட் மாதிரி. சேமிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சிராங்கூன் ரோட்டில் நகை வாங்கி வைச்சா சேமிப்புதானே?

916 நகையில் மூன்று விஷயங்களுக்குக் காசு கொடுக்கிறீர்கள். தங்கம், செய்கூலி, அப்புறம் இரண்டுக்கும் சேர்த்து 9% ஜிஎஸ்டி. விற்கப் போகும்போது தங்கத்துக்கு மட்டும்தான் விலை. வாங்கிய மறுநாளே விற்றால் எவ்வளவு குறையும் என்று கடைக்காரரிடமே கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார். முதலீட்டுக்கென்று இருக்கும் 99.5% சுத்தத் தங்கக் கட்டிகளுக்கு 2012 அக்டோபரிலிருந்து ஜிஎஸ்டி கிடையாது. மகள் கழுத்தில் போட்டு அழகு பார்க்க நகை வாங்குங்கள், மனசாரச் சொல்கிறேன். முதலீடு என்றால் கட்டி.

55 வயசில் சிபிஎஃப் பணத்தை எல்லாம் எடுத்துடலாமா?

சிபிஎஃப் என்பது நம் மத்திய சேம நிதி, அதிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க முடியாது. 2026இல் 55 ஆகிறவர்களுக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. அது ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும், அதற்கு மேல் இருப்பதை எடுக்கலாம். அவ்வளவு சேராதவர்களும் 5,000 வெள்ளி வரை எடுக்கலாம். ஓய்வுக்காலக் கணக்குக்கு ஆண்டுக்கு 4% வட்டி, சாதாரணக் கணக்குக்கு 2.5%. 72 கணக்குப் போட்டால், 4 சதவீதத்தில் 18 வருடத்தில் இரட்டிப்பு.

எடுக்க முடிந்தவர்கள் எடுக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் எடுத்தார். அக்கா மகனின் உணவுக் கடைக்குப் போனது, கடை ஒன்றரை வருடத்தில் மூடியது. கையில் பெரிய தொகை இருக்கிறது என்று தெரிந்தால் உறவுகள் தேடி வரும், மறுக்க நமக்கு வாய் வராது. எங்கேயோ பூட்டிக்கிடக்கிறது என்றால் "நான் என்னப்பா செய்ய, அரசாங்கம் தரமாட்டேங்குதே" என்று சொல்லித் தப்பிக்கலாம். சிபிஎஃப்பின் மிகப் பெரிய பயன் இதுதான் என்று நான் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் நினைப்பதுண்டு.

இன்னொரு பயன், எத்தனை வயது வரை வாழ்வோம் என்று யாருக்கும் தெரியாது. சிபிஎஃப் லைஃப் திட்டத்தில் 65லிருந்து உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் வரும். 70 வரை தள்ளிப்போட்டால் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 7% வரை கூடும்.

அவசரத்துக்கு எவ்வளவு கையில் வைச்சுக்கணும்?

மூன்று முதல் ஆறு மாதச் செலவு. சம்பளம் இல்லை, செலவு. ஒரு பகுதியைச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம், 500 வெள்ளியிலிருந்து தொடங்கலாம், எந்த மாதமும் திரும்பக் கேட்கலாம்.

நெஞ்சு படபடங்குது, டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டார். பிறகு என்ன இது?

முதலில் டாக்டரிடம் காட்டியது சரியான காரியம். இதயத்தில் கோளாறு இல்லை என்றால், பெரும்பாலும் உடம்பு பயத்துக்குத் தயாராகிறது என்று பொருள். நம்மில் பலருக்கு மனக்கவலை வார்த்தையாக வராது. தலைவலியாக, வயிற்று எரிச்சலாக, உடம்பெல்லாம் அசதியாகத்தான் வரும். புலி வந்தாலும் வங்கிக் கடிதம் வந்தாலும் உடம்புக்கு ஒரே மணிதான். அட்ரினலின், அப்புறம் கார்ட்டிசால். புலி போய்விடும், கடிதம் அலமாரியிலேயே இருக்கும், மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

உடனடி வைத்தியம் மூச்சு. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று மெதுவாக்கும். ஆகவே நான்கு எண்ணி இழுத்து, ஆறோ எட்டோ எண்ணி விடுங்கள், ஐந்து நிமிடம். அடுத்தது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழு மூளையைப் படம் பிடித்துக் காட்டியது: கோபமான முகத்தைப் பார்த்து "கோபம்" என்று பெயர் சொன்னபோதே பயத்தைக் கிளப்பும் அமிக்டாலாவின் ஆட்டம் குறைந்தது. "ஒரு மாதிரியா இருக்கு" என்பதை விட்டுவிட்டு, "வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் சொல்ல ஆள் இல்லையா, தாளில் எழுதுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லை, தூக்கமோ சாப்பாடோ கெட்டுவிட்டது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்த வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் சொல்லலாம். பேசுவதற்கு 1771 என்ற தேசிய மனநல எண் இருக்கிறது. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 1767, எந்நேரமும் எடுப்பார்கள். மனநல மருத்துவமனையின் உட்பிரிட்ஜ் என்ற பழைய பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிற உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. அவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

போலீஸ்னு சொல்லி போன் வந்துச்சு, பயந்துட்டேன்...

பயப்பட வைப்பதுதான் அவர்கள் தொழில். பத்து நிமிடத்துக்குள் செய் என்று அவசரப்படுத்தினால் மூளை அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் பார்க்காது. கரும்பு விவசாயிக்கு நடந்த அதே கதைதான். போனை வையுங்கள், 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

காசு இருந்தா சந்தோஷம் வந்துடுமா?

ஓரளவு வரும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். டேனியல் கானமன் என்ற உளவியலாளர் 2010இல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021இல் கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். இருவரும் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து 2023இல் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கூடுகிறது. ஆனால் அடிமட்டத்தில் மகிழ்ச்சி இல்லாமல் இருக்கும் ஐந்தில் ஒருவருக்கு ஒரு அளவுக்கு மேல் காசு உதவவில்லை. அவர்கள் துயரம் காசு தீர்க்கிற வகை இல்லை. 1938இல் தொடங்கி இன்னும் நடக்கும் ஹார்வர்டின் நீண்டகால ஆய்வு, ஐம்பது வயதில் உறவுகளோடு திருப்தியாக இருந்தவர்களே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்கிறது. எங்கள் நடைக் குழுவில் கணவர் இறந்த பிறகு சேர்ந்த அம்மா ஒருவர், மழை பெய்தாலும் குடையோடு கீழே வந்து நிற்பார். நடக்க இல்லை, பேச.

அக்கா, இவ்வளவு சொல்றீங்க, நீங்களே தே குடிக்கிறீங்களே?

திங்கள் முதல் வெள்ளி வரை, இனிப்பில்லாத ஆவியாக்கிய பால் சேர்த்த தே-சி கோசோங், அதுவும் நாலு மணிக்கு முன்னால். சனிக்கிழமை நடை முடிந்ததும் ஒரு தே தாரிக், முழு இனிப்போடு, நன்றாக இழுத்து ஆற்றியது. அதை எண்ணித்தான் குடிக்கிறேன். சனிக்கிழமை கேள்வி கேட்பதானால் அது தீர்ந்த பிறகு கேளுங்கள்.